ஐந்தாவது வரி

ஆணிக்கடை முதலாளியின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு ரசீது இருந்தது. ‘அடிமையை விடுதலை செய்ய’ என்று அச்சடித்த ரசீது. சாலைக் கடைத்தெருவில் அப்படியொன்று வேறு யாரிடமும் இருந்திருக்காது.

நான் அங்கே கணக்கெழுதச் சேர்ந்த வருடம்தான் கடைக்குக் கம்ப்யூட்டரும் வந்தது. துபாயிலிருந்து லீவில் வந்த மகன், “வாப்பா, நோன்பு மாசம் கடைவாசல்ல வரிசை நிறுத்துறத விடுங்க. ஜகாத்தை இதுலயே அனுப்பிரலாம்” என்று கார்டையும் கொடுத்து வழியையும் எனக்குக் காட்டிவிட்டுப் போனார். அறக்கட்டளையின் பக்கத்தைத் திறந்தால், வருடந்தோறும் கொடுக்க வேண்டிய கடமைத் தர்மமான ஜகாத்தைப் பெறத் தகுதியான எட்டு வகையினரும் வரிசையாக இருந்தார்கள். யாருக்கு என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாளி உரக்கப் படிக்கச் சொன்னார். ஐந்தாவது வரியில் ‘அடிமைகள்’ என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார். “ஏழைக்கு எல்லாவனும் குடுப்பான். பாவம், இவனுக்கு யாரு மோளே இருக்கா? அமுக்கு.”

“மொதலாளி, இந்தக் காலத்துல அடிமையெல்லாம்…”

“குர்ஆன்ல உள்ளது உனக்குத் தெரியாதாளா? அமுக்கு!” அமுக்கினேன்.

அதன்பின் வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா முடிந்து வந்ததும் கோழிக்கோட்டிலுள்ள அறக்கட்டளைக்கு போன் போடுவார். “என்டே அடிம எவிடே?” அந்தப் பக்கம் இருந்தவர், பொதுநிதிக்கு மாற்றிக்கொள்ளட்டுமா என்று கெஞ்சுவார். இவர், நிய்யத் வைத்தாயிற்று, மனதில் உறுதி செய்ததை மாற்ற முடியாது என்பார். ஒருநாள் அவர் பொறுமையிழந்து, “எங்கில் சார் தன்னே ஒராளெ கண்டுபிடிச்சு தரணும்”, அப்படியானால் நீங்களே ஒருவரைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். சொல்லியிருக்கவே கூடாது. முதலாளி அன்றே தெருவில் இறங்கி, சுமை இறக்கிக்கொண்டிருந்த யூனியன்காரரிடம், “நீ அடிமையாடே?” என்று கேட்டார். இரண்டு நாள் எங்கள் கம்பிக்கட்டு நடுரோட்டிலேயே கிடந்தது.

எனக்கு ஒருபக்கம் சிரிப்பு, ஒருபக்கம் எரிச்சல். கடைக்குள்ளேயே செங்கோட்டைக்காரர் ஒருவர் ஆணிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணத்துக்காக ஆறு வருடமாக அங்கேயே கிடந்தார். ஊரில் மாமனார் தன் கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இவர் போகக் கேட்கும்போதெல்லாம் முதலாளி, “முன்பணம் தீரட்டும்டே” என்பார். அதுவோ தீருகிற வழியாகத் தெரியவில்லை. கணக்கெழுதிய எனக்குத் தெரியாதா?

“ஊரெல்லாம் எதுக்கு மொதலாளி அலையணும்? உள்ள இருக்காரே ஒருத்தர்” என்று ஒருநாள் சொல்லியேவிட்டேன். அவர் முகம் கறுத்துப்போயிற்று. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் பள்ளிவாசல் உஸ்தாதைப் பார்த்துவிட்டு உர்ரென்று வந்தார். தனக்கு வரவேண்டிய கடனை ஜகாத்தில் கழித்துக்கொள்வது செல்லாதாம். “ரெண்டு பக்கமும் என் காசுதான் போவுது” என்று முனகியபடி செங்கோட்டைக்காரரைக் கூப்பிட்டு, இனி ஒன்றும் தரவேண்டாம், ஊருக்குப் போகலாம் என்றார். அவர் பதறிவிட்டார். “நான் என்ன தப்பு செஞ்சேன் மொதலாளி? வெரட்டுறீங்களே!”

“தப்பு செஞ்சது நீ இல்லடே” என்றார் முதலாளி. சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரசீதுப் பணம் அறக்கட்டளையில் அப்படியே இருந்ததே! முதலாளி விடவில்லை. அக்கம்பக்கத்துக் கடைகளில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பவர்களைத் தேடிப் புறப்பட்டார். அவருடைய வெள்ளைத் தொப்பி தூரத்தில் தெரிந்தாலே பக்கத்து ஆரியசாலைத் தெரு முதலாளிமார் குடோனுக்குள் புகுந்துவிடுவார்கள்.

அந்த ரசீது இப்போது எங்கே இருக்கிறதோ, முதலாளி மௌத்தாகி அடக்கம் பண்ணியே வருடங்களாகிவிட்டன. இன்று காலை என் ஜகாத்தை அனுப்பப் போனைத் திறந்தேன். அதே எட்டு வரிகள். சிரித்துக்கொண்டே விரலை நகர்த்தியவள் ஐந்தாவது வரியில் நின்றுவிட்டேன். அடுக்களையில் வேலைக்கு நிற்பவள் பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது.

“ஏளா, நீ ஊருக்குப் போய் எத்தனை வருசமாச்சு?” என்று கேட்டேன்.

“நீங்கதானேக்கா முன்பணம் தீரட்டும்னீங்க” என்றாள் அவள்.