அன்னாளின் சுருதி

சூரியநெல்லி எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்த அன்னாளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது, குரல் இருந்தது. சிறு வயதில் கிறிஸ்துமஸ் பஜனைக்காரர்களோடு வீடு வீடாகப் போவாள். பாடி முடித்ததும் கேக் வரும். கூடவே, பாவம், கர்த்தர் இப்படிப் பண்ணிவிட்டாரே என்ற பெருமூச்சும் வரும். கேக் நன்றாக இருந்தது என்று இப்போதும் சொல்வாள். மற்றதைப் பற்றிப் பேசுவதில்லை.

பிறகு கீபோர்டு குருசாமியின் கானமேளா குழுவில் சேர்ந்தாள். மேடைக் கச்சேரிக்கு அந்தப் பக்கத்துப் பெயர் அது. சர்ச் பெருநாளானாலும் மாரியம்மன் திருவிழாவானாலும் முதல் பக்திப்பாட்டு அவளுடையதுதான். இதனால் தெய்வங்களுக்குள் மனஸ்தாபம் வந்ததாகத் தகவல் இல்லை.

அவள் மேடையேறும்போதெல்லாம் அறிவிப்பாளர் ஜிபின் குரலில் தேனைக் குழைத்து, கண்ணில்லாத குயில் என்பார். கூட்டம் உச்சுக்கொட்டும். பஞ்சாயத்து மெம்பர் பொன்னாடை போர்த்தி, போட்டோவுக்குத் திரும்பி நிற்பார். பல்லவி முடியுமுன்பே கைதட்டல் எழும்பி, சரணம் யார் காதிலும் விழாது. ஒருமுறை காய்ச்சலோடு பாடித் தொண்டை கம்மியபோது கைதட்டல் கூடியது. அன்றுதான் அன்னாளுக்குச் சந்தேகம் பிடித்தது: தனக்குப் பாட்டு வருமா, வராதா? குழுவில் யாரைக் கேட்டாலும், உனக்கென்ன தாயி என்றார்கள்.

இந்த வருடம் சின்னக்கானல் கோயில் திருவிழாவில் சாயங்காலமே மஞ்சு என்கிற மூடுபனி இறங்கிவிட்டது. மேடைக்கு முன்னால் நின்றவனுக்கே மேடை தெரியவில்லை. ஜிபினும் மெம்பரும் ஏறிவந்த ஜீப் பாதி வழியில் நின்றுவிட்டது. போட்டோ விழாத இடத்துக்கு நடந்து வர மெம்பருக்கு அவசரமில்லை. குருசாமி வேறு வழியின்றி, அறிவிப்பு இல்லாமலே வாசிக்கத் தொடங்கினார்.

அன்னாள் பாடினாள். யாரும் உச்சுக்கொட்டவில்லை. பல்லவி போயிற்று, சரணம் வந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு குரல்:

"யாருப்பா அது? சுருதி இறங்குதுல்லா. காது வலிக்கு."

பாட்டை நிறுத்திவிட்டு அவள் குருசாமி பக்கம் திரும்பினாள். "அண்ணே, அவரு சொல்லுறது நெசமா?"

"குடிச்சிருப்பான். நீ பாடு தாயி."

"குடிச்சிட்டுப் போறாரு. இறங்குச்சா, இல்லையா?"

குருசாமி கீபோர்டைத் துணியால் துடைத்தார். "சரணத்துல மேல போகையில... லேசா."

"இன்னைக்கு மட்டுமா?"

துணி கீபோர்டில் மறுபடி தேயும் சத்தம் கேட்டது. அதுவே போதுமானதாக இருந்தது. அன்னாளுக்குக் கோபம் வரவேண்டிய இடம். முகத்தில் வந்தது சிரிப்பு.

"அரைக் கட்டை குறைச்சு வையுங்க. முதல்லேருந்து பாடுறேன்."

பாடினாள். சரணத்தில் மேலே ஏறி, நின்று, இறங்கினாள். கைதட்டல் இல்லை. பனிக்குள் அந்த ஆள் செருமினார்.

"ம். இப்பப் பரவால்ல."

அவர் தேயிலை ஃபேக்டரி ஃபிட்டர் அழகுமலை என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது. ஊரில் எதையும் நல்லதென்று சொல்லாதவர். கச்சேரி முடிந்து இறங்கும்போது அன்னாள் கேட்டது ஒன்றே ஒன்று:

"அண்ணே, அடுத்த கச்சேரிக்கும் அவரைக் கூப்பிடுவமா?"