பாஸ்போர்ட்டைக் கைவிடாத கலைவாணி

"ஹலாஸ்!" என்று சொல்லித்தான் கலைவாணி சப்பாத்திக் கட்டையைக் கீழே வைப்பாள். திருப்பதியில் பல்கலைக்கழக விடுதிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளுடைய சப்பாத்திக் கடை. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, கல்லில் கிடப்பதைப் புரட்டிக்கொண்டே ஆர்டர் எடுப்பாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பியவள். 'முடிந்தது' என்பதற்கு அந்த ஊர்ச் சொல்தான் இன்னும் வாயில் வருகிறது. கோபம் வந்தால் தெலுங்கு. மிச்சத்துக்கெல்லாம் நாராயணவனத்துப் பக்கத்துத் தமிழ்.

கேட்காமலே ஒரு சப்பாத்தி கூட வைப்பாள். "துன்னு சார், எளச்சிப் போய்க்கினே கீறியே!" என்பாள். என் உடம்பைப் பற்றி இப்படி ஒரு பச்சைப் பொய்யை வேறு யாரும் சொன்னதில்லை. அதற்காகவே தினமும் போகிறேன்.

இத்தனை கலகலப்பானவள், ஆதாரோ ரேஷன் கார்டோ, எதையும் பிறர் கையில் கொடுக்க மாட்டாள். கேஸ் இணைப்புக்கு வந்த ஊழியர் ஆதாரை வாங்கக் கையை நீட்டினார். "கண்ணு இல்ல? அங்கிருந்தே பாரு" என்று விரட்டினாள். சந்தே சிரித்தது, நானும்தான்.

காரணம் தெரிந்த பிறகு சிரிப்பு வரவில்லை. குவைத்தில் இறங்கிய அன்றே முதலாளியம்மா அவள் பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். இங்கே அப்பா இறந்துபோனபோது காலில் விழுந்து கேட்டும் தரவில்லை. "நைனா மொகத்த போன்லதான் பாத்தேன் சார். அதுவும் பாத்ரூம்ல ஒக்காந்துகினு, சத்தம் வராம அழுதுகினு" என்றாள்.

மகள் அக்ஷயா எம்.ஏ. முடித்தவள். அம்மா பட்ட பாட்டையே ஆராய்ச்சித் திட்டமாக எழுதினாள். வெளிநாட்டில் வேலை செய்யும் பெண்களின் பாஸ்போர்ட்டை முதலாளிகள் பறிப்பதை எப்படித் தடுப்பது என்பதுதான் விஷயம். அதை வைத்து நெதர்லாந்தில் ஒரு வருடம் படிக்க ஓர் அறக்கட்டளை முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டது. அன்று சந்து முழுக்கக் கேசரி.

வினை அதற்குப் பிறகு வந்தது. விசா ஒட்டித் தர, அக்ஷயாவின் பாஸ்போர்ட்டைச் சென்னை விசா மையத்தில் கொடுத்துவிட்டு வரவேண்டும். கொடுத்துவிட்டா? கலைவாணி அதை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"முத்திரைதானே? என் எதிர்க்கவே குத்தட்டும். உட்டுட்டு வர மாட்டேன்."

"அது எம்பஸிக்குப் போய்ட்டு வரணும்மா! இந்த வாரம் குடுக்கலன்னா சீட்டும் போச்சு, பணமும் போச்சு!"

"நோரு முய்யி!"

வாயை மூடு என்று தெலுங்கு வந்துவிட்டது. அதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று மகளுக்குத் தெரியும். அன்று அடுப்புப் பற்றவில்லை.

மறுநாள் கலைவாணியே என் வீட்டுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "மெட்ராசு உனக்குத் தெரியும். கூட வா சார். குடுக்கறனோ இல்லியோ, அந்த எடத்த ஒரு தபா பாக்கணும்."

மூவரும் போனோம். விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும்தான் உள்ளே அனுமதி. அக்ஷயாவின் நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. கலைவாணி நிழலுக்கு வராமல் வாசலிலேயே நின்றாள். வெளியே வருகிறவர்களையெல்லாம் மறித்தாள். "குடுத்தது திரும்பி வந்துச்சா?" சிலர் முறைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் உறையைப் பிரித்துக் காட்டினார். கல்லூரிப் பெண் ஒருத்தி விசா பக்கத்தைத் திறந்து, "பாருங்க ஆன்ட்டி" என்று சிரித்தாள். அவளுக்குப் பின்னால் வந்த தம்பதியிடமும் கலைவாணி கேட்டாள். அவர்களும் காட்டினார்கள்.

காவலாளி அக்ஷயாவின் பேரைக் கூப்பிட்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

கலைவாணி பாஸ்போர்ட்டை வெளியே எடுத்து, வியர்வை ஈரத்தை முந்தானையில் துடைத்து, மகள் கையில் வைத்தாள். "ம்மா, நெஜமாவா?" என்று அக்ஷயா அங்கேயே நின்றாள்.

கலைவாணி மகளை அப்படியே திருப்பி, முதுகில் இரண்டு கையையும் வைத்து, கதவுப் பக்கம் தள்ளினாள்.