வேலாயி வைத்த ரேகை

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலாயியை வாயாடி என்பார்கள். நியாயத்தைச் சத்தமாகக் கேட்டால் வாயாடி, சத்தமில்லாமல் அநியாயம் செய்தால் ஐயா. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அவள் மகன் சின்னராசா என்னோடு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து அறையில் இருந்தபடியே பட்டம் வாங்கிய ஒரே ஆள். 1964இல், பட்டதாரிகளுக்கு வணிக நிர்வாகம் படிப்பிக்கும் கொழும்புக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்தான். கண்டிக்குப் போய் நுழைவுத் தேர்வும் எழுதினான். தேர்வு நடத்தியவர்கள், எழுதியவர் எடுத்த புள்ளிகளை உறையில் போட்டு ஒட்டி, அவருக்கே அனுப்புவார்கள். அவர் அதைப் பிரிக்காமல் கல்லூரியில் சேர்க்க வேண்டும். பிரித்தால் செல்லாது என்று உறையின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருந்தது.

லயத்துக்கு ஏது தனி விலாசம்? எங்கள் கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். பெரிய கிளாக்கர் பொன்னையா பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்வதற்காக ஆரம்பித்த வழக்கமாம். படித்தவர்கள் வந்த பிறகும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. சின்னராசாவின் உறையையும் கிழித்துவிட்டார்.

அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் புள்ளிகள் கல்லூரிக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் இடம் கிடையாது. மறுபடி எழுதிக் கேட்டால் ஒரு மாதம் ஆகும். சின்னராசா கிழிந்த உறையோடு வாசலில் உட்கார்ந்துவிட்டான். ஆபீசில் போய்க் கேட்க அவனுக்குப் பயம். வேலையும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கொடுத்தது, இருக்கிற அறையும் துரை கொடுத்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நானும் பயந்துகொண்டுதான் நின்றேன்.

"கிழிச்சது யாரு?" என்றாள் வேலாயி.

"கிளாக்கர் ஐயா."

"அப்ப நான்தான் கிழிச்சேன்னு அவருதான் எழுதிக் குடுக்கணும். காலையில போவோம்."

மறுநாள் விடிந்ததும் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு அவள் போகவில்லை. கொழுந்துக் கூடையோடு ஆபீஸ் படியில் போய் உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் பின்னால் நின்றோம்.

"இங்க என்ன வேலாயி? ஒரு கடுதாசி கிழிஞ்சதுக்கா இம்புட்டு?" என்றார் பொன்னையா.

"தன்னால கிழியலீங்க. நீங்க கிழிச்சீங்க. அதை எழுதிக் குடுங்க, எந்திரிச்சுப் போறேன்."

சத்தம் கேட்டுத் துரை வெளியே வந்து விஷயத்தை விசாரித்தார்.

"மகன் என்ன படிக்கப் போறான்?"

"நிர்வாகமாங்க தொரை," என்று இளித்தார் பொன்னையா.

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் நாற்காலி வேணுமா அவனுக்கு?"

வேலாயி எழுந்து நின்றாள். "ஆமாங்க தொரை. அதுக்குத்தான் படிக்கிறான்."

துரை சிரிப்பதை நிறுத்திவிட்டு உறையை வாங்கி, பின்பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்த சங்கதி கொழும்பு வரை போனால் தனக்குத்தான் தலையிடி என்று நினைத்திருப்பார். நல்ல மனசு என்று நான் சொல்லமாட்டேன். கிளாக்கரை எழுதச் சொன்னார். 'இந்த உறையைத் தவறுதலாகப் பிரித்தவன் நான்' என்று பொன்னையா எழுதிக் கையெழுத்துப் போட்டார். துரையும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

வேலாயி நகரவில்லை. மேசையில் இருந்த மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்தினாள்.

"கைநாட்டுக்கு அங்க என்ன மதிப்பு?" பொன்னையா தாளை இழுத்துக்கொண்டார்.

"சுதந்திரம் வந்ததும் எங்க தோட்டத்துச் சனத்தோட ஓட்டைப் பறிச்சாங்க. ரேகை இன்னும் எங்கிட்டதான் இருக்குங்க. நான் சாட்சி. தாளை வைங்க."

வைத்தார். அவள் அழுத்தி எடுத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தபாலை நம்பாமல் சின்னராசா நானுஓயாவில் ரயிலேறி நேரே கல்லூரிக்குப் போனான். புள்ளிகளை ஏற்றுக்கொண்ட தலைவர், அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"கிளாக்கர் கையெழுத்து இருக்கிறது, துரையின் கையெழுத்தும் இருக்கிறது. அதுவே போதுமே. இந்த ரேகை எதற்கு?"

ஆபீஸ் படியேறப் பயந்த சின்னராசா அவரை நேராகப் பார்த்துச் சொன்னான்: "அது என் அம்மாவுடையது சார். அவர் இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வந்திருக்காது."