ரீபாவின் வெங்கோ

ரீபா சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். மீனுக்கு ஒரு சொல்லாக வாய் ஓடியது: "வெங்கோ, வியேனி, வியேனே." இத்தாலி மொழியில் நான் வருகிறேன், நீ வருகிறாய், அவள் வருகிறாள்.

புன்னைக்காயலிலிருந்து பாளையங்கோட்டை முதியோர் இல்லத்துக்குத் தினமும் வேலைக்குப் போகிறவள். பஸ்ஸில் செல்போனை வைத்துக்கொண்டே படித்தது. இன்று இத்தாலியிலிருந்து கார்லா என்ற பெண் வீடியோவில் பேசிப் பார்க்கப் போகிறாள். படுக்கையில் கிடக்கும் தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு ஆள் வேண்டும். பிடித்துப்போனால் ரீபா இத்தாலிக்குப் போகலாம். "மொதல்ல கெடைக்கட்டும்" என்பதற்கு மேல் அவள் கணவன் மரிய அந்தோணி எதுவும் சொன்னதில்லை.

"யக்கா, ஸ்பெயின்காரனும் வெங்கோம்பான்," என்றான் தம்பி ரெக்சன். கப்பலில் சமையல்காரன், லீவில் வந்திருந்தான். "போர்த்துகல்காரன் வெஞ்ஞும்பான். பிரெஞ்சுக்காரன் மூக்கால வியான்ம்பான். ருமேனியாக்காரனுக்குப் பொறுமை கெடையாது, வின்னுனு முடிச்சிருவான். எல்லாம் லத்தீன் பெத்த பிள்ளைய."

"அத்தனையையும் நீயே மேய்ச்சுக்கிடு லே. எனக்கு ஒண்ணு போதும்."

வீடியோவில் கார்லா கேட்டதற்கெல்லாம் ரீபா பதில் சொன்னாள். புரட்டிப் படுக்கவைப்பது, முதுகில் புண் வராமல் பார்ப்பது, எல்லாம். பேச்சு முடிந்ததும் எழுந்து கும்பிட்டு, "வாதோ எ வெங்கோ" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்கு ஓடினாள். போயிட்டு வாரேன். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'போறேன்' என்று மொட்டையாகச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது ரெக்சன் கத்தினான்: "யக்கா! அந்தம்மா இன்னும் போன்ல உக்காந்திருக்கா! உடனே வாரேன்னு சொன்னியாம்ல, காத்துக்கெடக்கா!"

"ஐயோ மாதாவே!"

அகப்பையோடு ஓடிவந்தாள். ரெக்சன் தெரிந்த மொழியையெல்லாம் கலந்துகட்டி, எங்கள் ஊரில் விடைபெறுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கினான். கார்லா சிரித்த சிரிப்பில் திரையே குலுங்கியது. அப்படியே போனைக் கட்டில் பக்கம் திருப்பினாள். வெளுத்த முகம் ஒன்று திரையை நிறைத்தது. கிழவி அகப்பையைப் பார்த்தாள், ரீபாவைப் பார்த்தாள்.

"வியேனி," என்றாள். 'வா' என்பதற்கும் அதே சொல்தான்.

கார்லாவும் தலையாட்டினாள். அடுத்த மாதமே வரலாமாம்.

"கூப்பிட்டுட்டாவ லே! கூப்பிட்டுட்டாவ!" ரீபா குதித்த குதியில் அகப்பையிலிருந்த குழம்பு ரெக்சன் சட்டையெல்லாம் தெறித்தது.

"சட்டைக்கு யாருக்கா பதில் சொல்லுவா?"

அவள் மூச்சு வாங்க, கதவோரம் நின்றிருந்த மரிய அந்தோணியின் பக்கம் திரும்பினாள். "கெடைச்சிட்டுங்க. இப்பமாவது சொல்லுங்க. நான் போட்டுமா?"

அவன் கொடியில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, 'வாரேன்' என்றுகூடச் சொல்லாமல் வெளியே போனான்.