மேல் அம்புக்குறியும் என்டரும்

கட்டாரில் பதினொரு வருடம் மற்றவர்களின் கணினி அறைகளில் வயர் இழுத்துவிட்டு, இனிப் போவதில்லை என்று சொந்த ஊரான வவுணதீவுக்கு வந்திருந்தேன். வேலை ஒன்றும் அமையவில்லை. திரும்பிப் போவதற்கான அனுமதி முடிய மூன்று கிழமைதான் மிச்சம். அப்போதுதான் கொழும்பில் ஒரு கொம்பனி, வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு ஒரு சோதனை வைத்தது. தேறினால் ஊரோடு இருக்கலாம். தேறாவிட்டால் மறுபடியும் கட்டார்தான். அந்தச் சோதனைக்காக என் மனைவி கோயிலில் நேர்த்திக்கடனே வைத்துவிட்டாள்.

கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை, அதாவது ஒரு வேர்ச்சுவல் மெஷினை, உண்டாக்கித் தர வேண்டும். மவுஸைத் தொடக்கூடாது. இவ்வளவு நினைவகம், இவ்வளவு டிஸ்க் என்று எல்லாவற்றையும் கட்டளைகளாக ஒரே ஸ்கிரிப்டில் எழுதி, கறுப்புத் திரையில் ஓடவிட்டால் மெஷின் தானாக எழும்ப வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஸ்கிரிப்ட், மெஷின் இரண்டையும் அனுப்ப வேண்டும்.

நாற்பத்தைந்து வயதில் இதெல்லாம் லேசில் பிடிபடாது. ஓர் இடைவெளி தவறினாலும் சிவப்பு எழுத்தில் ஏசும். ஏசட்டும், ஏச்சு வாங்கிப் பழகியவன்தானே நான். ஆனால் கண் எரிந்தது, முதுகு விட்டுப்போனது.

இதற்குள் மின்வெட்டு வேறு. என்னுடையது பழைய மேசைக் கணினி. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். பாதியில் நின்ற மெஷின் அரைகுறையாகக் கிடக்கும். மறுபடி ஓடவிட்டால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று மறுக்கும். நாலு தரம் பொறுத்தேன். ஐந்தாம் தரம், ‘இந்தப் பெயரில் பழைய மெஷின் இருந்தால் டிஸ்க்கோடு அழி’ என்று ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். பிறகு வேலை சுலபமானது. மேல் அம்புக்குறியைத் தட்டினால் கடைசிக் கட்டளை வந்து நிற்கும். என்டரைத் தட்டினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அதை மனைவிக்கும் காட்டிக்கொடுத்தேன். நான் அசந்து கிடக்கும் நேரங்களில், மின்சாரம் வந்ததும் அவள்தான் கணினியைப் போட்டுத் தட்டிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மெஷின் ஒருவழியாக முழுதாக எழும்பியது. அதற்குள்ளே செய்ய வேண்டிய மிச்ச அமைப்புகளையும் ஸ்கிரிப்டில்தான் எழுதியிருக்க வேண்டும். களைப்பில் அவற்றைக் கையாலேயே ஒவ்வொன்றாகத் தட்டி முடித்தேன். பிறகு பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. சோம்பல் என்று சொன்னாலும் சரிதான். முடித்து நிமிரும்போது, எங்கள் வட்டை வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை போனில் கூப்பிட்டார்.

“தம்பி, உங்கட வாய்க்காலுக்குத் தண்ணி திறந்தாச்சு. இப்ப வந்து வயலுக்குத் திருப்பாட்டி இனி அடுத்த முறைதான்.”

மண்வெட்டியோடு ஓடினேன். மெஷின் முடிந்துவிட்டது, இனித் தட்ட வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லத் தோன்றவில்லை.

சேற்றுக் காலோடு திரும்பும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. அவள் முற்றத்துக்கே வந்தாள்.

“கரண்ட் போயிட்டு வந்த. நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. நான் அப்பவே தட்டி விட்டுட்டன்.”

அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். உள்ளே போய்ப் பார்த்தேன். முடிந்த மெஷினை அழித்துவிட்டு, திரையில் புது மெஷின் ஒன்று முதலிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. காலை முழுவதும் நான் கையால் செய்ததில் ஒரு வரிகூட மிச்சமில்லை. கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழி என்று எழுதியவன் நான். தட்டு என்று பழக்கியவனும் நான்.

“நல்லம்,” என்றேன். “தேத்தண்ணி ஒண்டு போடு.”

ஐந்து மணிக்கு மெஷின் எழும்பியே முடியவில்லை. மிச்சத்தையும் செய்து ஏழு மணிக்கு அனுப்பினேன். பிந்தி வந்தவற்றைப் பார்ப்பதில்லை என்று திங்கட்கிழமை இரண்டே வரியில் பதில் வந்தது.

“என்னவாம்?” என்று மனைவி கேட்டாள்.

“வேற ஆள எடுத்திட்டாங்களாம்.”

பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“நம்மட பக்கத்தால ஒரு பிழையும் இல்லத்தானே?”

“இல்ல. எல்லாம் சரியாத்தான் செஞ்சம்.”

அடுத்த கிழமை என் பெட்டியை அவள்தான் அடுக்கினாள்.