கதவைத் தட்டுகிறவர்

செய்தி வந்தபோது மணி பதினொன்றே கால். அவர் ஓர் இணையதளத்தின் அடிவரியைப் படித்துக்கொண்டிருந்தார். எந்தத் தளத்தையும் கீழிருந்து மேலாகப் படிப்பதுதான் அவர் வழக்கம். "மூஞ்சிக்கு எல்லாரும் பவுடர் போட்டுருவாங்க. காலைப் பாத்தாத்தான் குளிச்சானா இல்லையான்னு தெரியும்" என்பார். அடியில் போட்டிருக்கும் ஆண்டு பழையதாக நின்றுபோயிருந்தால் நாக்கை ஒரு முறை 'டொக்' என்று சொடுக்குவார். தொடர்புகொள்ள முகவரி இல்லையென்றால் இன்னொரு முறை. அன்று இரண்டாவது சொடுக்கின்போது கைப்பேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, தம்பி போயிட்டான்."

"எங்கே?" என்று கேட்டார்.

மறுமுனையில் அழுகை வந்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பது அவருக்கு எட்டியது. பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்த மைத்துனன், தோளில் பை தொங்கியபடியே சரிந்து விழுந்திருக்கிறான். இதயம் நின்றுவிட்டது.

அவர் வேலையை விளக்குவது கொஞ்சம் சிரமம். சாவி செய்யும் கடைக்கு மேலே, நான்கு மேசைகள் போட்ட ஓர் அலுவலகம். குழாய் விற்கிறவர்கள், மெத்தை விற்கிறவர்கள் எல்லாம் அங்கே வருவார்கள். அடுத்தவர் நடத்தும் தளங்களில் உருப்படியான கட்டுரை ஒன்று வரவேண்டும். அதில் தங்கள் பெயர் ஓரிடத்தில் பதவிசாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பார்கள். விருந்தினர் கட்டுரை என்று அதற்குப் பெயர். விருந்தாளியை எந்த வீட்டுக்கு அனுப்பலாம், எந்த வீட்டு வாசலை மிதிக்கவே கூடாது என்று பார்த்துச் சொல்வது இவர் பொறுப்பு. அலுவலகத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

குழந்தை வளர்ப்புக் கட்டுரைக்கு நடுவில் சூதாட்டத் தளத்துக்கு இணைப்பு இருந்தால், "பால் புட்டியில சாராயம்" என்று ஒதுக்கிவிடுவார். கட்டுரைகள் அத்தனையும் வெளியாட்கள் எழுதியவை, நடத்துகிறவர் எழுதியது ஒன்றுமில்லை என்றால், "வீட்டுக்காரனே இல்லாத விருந்து." எல்லாக் கட்டுரைகளுக்குக் கீழும் 'அருமை, பயனுள்ள பதிவு' என்று ஒரே ஆள் வெவ்வேறு பெயரில் எழுதியிருந்தால், "தானே கேட்டு, தானே சொல்லி, தானே கைதட்டுற கேஸு." எத்தனை ஆயிரம் பேர் வந்துபோகிறார்கள் என்று காட்டும் வரைபடங்களை ஓரக்கண்ணால்கூடப் பார்க்க மாட்டார். "பஸ் ஸ்டாண்டுக்குந்தான் ஆயிரம் பேர் வர்றான். அது வீடாயிடுமா?"

கடைசிச் சோதனைக்குக் கதவு தட்டுவது என்று பெயர். 'பக்கத்து வீட்டுக்காரன்' என்ற புனைபெயரில் கட்டுரையின் கீழே ஒரு கேள்வி போடுவார். பொய்க் கேள்வி கேட்க மாட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியதைத்தான் கேட்பார். எழுதியவரோ நடத்துகிறவரோ பதில் போட்டால், "ஆள் இருக்கு." வராவிட்டால், "ஆள் இல்ல, பூட்டிக் கெடக்கு." மேல்முறையீடு கிடையாது.

அந்த அலுவலகத்துக்குக் கட்டுரை எழுதித் தந்தவன்தான் மைத்துனன். பகலில் குழாய் வேலை, மாலையில் எழுத்து. மாமாவின் புனைபெயர் அவனுக்குத் தெரியும். ஒருமுறை அவன் கட்டுரைக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிக்காமலிருக்க என்ன வழி என்று இவர் கதவைத் தட்ட, ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது: 'பக்கத்து வீட்டுக்காரருக்கு வணக்கம். மூடியைப் போட்டு வைக்கவும். இதை உங்கள் மனைவி பல தடவை சொல்லியிருப்பாரே.' அலுவலகமே சிரித்தது. இவர் மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு, "ஆள் இருக்கு" என்று எழுதினார்.

இவர் வீட்டுச் சமையலறைக் குழாய் பல வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வரச் சொன்னால் மைத்துனன் சிரிப்பான்: "ஊரு ஒலகத்துக்கெல்லாம் என்னை விருந்தாளியா அனுப்புறீங்க. உங்க வீட்டுக்குக் கூப்பிட்டா மட்டும் குழாயைக் காட்டுறீங்களே மாமா."

"வந்து பாத்துட்டுப் போயேன் மாப்ளே, கொறைஞ்சா போயிடுவே?"

"சாப்பாடு போட்டாக் குழாய். குழாய் மட்டும்னா நான் பிஸி."

அவன் இறந்த அன்று காலையில்தான் அவனுடைய 'சொட்டும் குழாய்: ஏழு காரணங்கள்' ஒரு புதிய தளத்தில் வெளியாகியிருந்தது. வீட்டுப் பழுதுகளைப் பற்றி ஒரு பெண்மணி தனியாக நடத்தும் தளம். அடிவரி சுத்தமாக இருந்தது. இவர் வழக்கம்போல் கதவைத் தட்டினார்: 'வாஷரை மாற்றிய பிறகும் ராத்திரியில் மட்டும் சொட்டுகிறதே, ஏன்? பக்கத்து வீட்டுக்காரன்.' அனுப்பிவிட்டு, தனக்குள் சிரித்துக்கொண்டு, அடுத்த தளத்துக்குப் போனார். பேருந்து நிறுத்தத்தில் நின்றவன் அதைப் பார்த்தானா என்பது யாருக்கும் தெரியாது.

காரியங்கள் முடிந்து அவர் மறுபடி அலுவலகம் வந்தார். வீட்டில் மனைவி அந்தக் கட்டுரையை, துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் கைப்பேசியில் காட்டிக்கொண்டிருந்தாள். "என் தம்பி எழுதினது. கடைசியா எழுதினது." பார்த்தவர்கள் விரலால் தள்ளித் தள்ளிப் படித்துக் கடைசியில் அந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். "யாரோ கேட்டிருக்காங்க, பாவம், பதிலே போகலை" என்று ஓர் உறவுக்காரர் சொன்னபோது அவள் இவரைப் பார்த்தாள். இவர் குடிக்காத தண்ணீரைக் கீழே வைத்தார்.

அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண் ஒரு யோசனை சொன்னாள். "அண்ணே, அவர் பேர்ல நீங்களே ரெண்டு வரி போட்டுடுங்க. நைட்டுல பிரஷர் ஜாஸ்தியாகும்னு எங்க வீட்டு பிளம்பர்கூடச் சொன்னாரு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமேம்மா" என்றார். "தானே கேட்டுத் தானே சொல்ற கேஸா நானு?"

பிறகு தளத்தை நடத்தும் பெண்மணிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார். எழுதியவர் என் மைத்துனர், காலமாகிவிட்டார், கேள்வி கேட்டது நான்தான். அன்று மாலையே பதில் வந்தது. மிகவும் வருத்தமாக இருக்கிறது என்றும், கட்டுரை எப்போதும் அங்கேயே இருக்கும் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: 'அந்தக் கேள்வி உங்கள் குடும்பத்தாருக்கு உறுத்தலாக இருக்குமே, எடுத்துவிடட்டுமா?'

கேள்வி இருந்தால், வருகிறவர்கள் எல்லாரும் வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். மனைவியின் கண் ஒவ்வொரு முறையும் அங்கே போய் நிற்கும். எடுத்துவிட்டால், அவனிடம் இவர் கடைசியாகப் பேசியது எங்கேயும் இருக்காது.

இப்போதும் தளங்களைக் கீழிருந்துதான் படிக்கிறார். நாக்குச் சொடுக்கும் குறையவில்லை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் மேலிருந்து படிக்கிறார். தலைப்பு, அவன் பெயர், முதல் காரணம், இரண்டாவது காரணம். ஏழாவது வந்ததும் விரலை எடுத்துவிடுகிறார்.

பெண்மணியின் மடலுக்கு அவர் இன்னும் பதில் போடவில்லை.