எண்ணெய்த் தொப்பி

எழுபதுகளில் ஜெர்மனியில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில், கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி இல்லாமல் வார்டுக்குள் நுழைய முடியாது. நானோ தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காமல் வெளியே இறங்கமாட்டேன். நாகர்கோவில் பழக்கம்; யாருக்காகவும் அதை விடுவதாக இல்லை. சலவைக்கூடத்து அம்மாளுக்கு என்மேல் தீராத எரிச்சல். மற்றவர்களின் தொப்பியைப் பெயர் பார்த்துக் கொடுப்பார்; என்னுடையதைக் கறையைப் பார்த்தே எடுத்து நீட்டுவார்.

"எவ்வளவு வெந்நீரில் போட்டாலும் போகமாட்டேங்குது, சிஸ்டர்."

நானும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வாங்கி வருவேன்.

ஒருநாள், தொப்பி அணிவது இனி அவரவர் விருப்பம் என்று அறிவித்தார்கள். மற்றவர்கள் தயங்கிக்கொண்டிருக்க, முதலில் கழற்றியவள் நான்தான். அடுத்த வாரமே, கீழ்த்தளத்தைவிட்டு ஏறி வந்தே அறியாத அந்த அம்மாள், மூச்சு வாங்க என் வார்டு வாசலில் நின்றார். கையில், கடைசியாகச் சலவைக்குப் போட்டு நான் வாங்காமலே விட்ட என் பழைய தொப்பி, மொடமொடவென்று.

"எண்ணெய்த் தொப்பி சலவைக்கு வரவே இல்லையே. உடம்புக்கு முடியலையா, சிஸ்டர்?"

நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லி, அங்கேயே அதை வாங்கித் தலையில் வைத்துக் கொண்டை ஊசி குத்திக்கொண்டேன். சாயங்காலம்வரை கழற்றவில்லை. கொஞ்சம் எண்ணெய் ஏறட்டும்.